அலையில் வீழ்ந்தும் அருளில் எழுந்த வீராங்கனை

தெட்சண கைலாயம் எனப் போற்றப்படும் திருக்கோணமலை கடல் அணைத்த பதி. இங்கே பிள்ளைகள் நடை பழகும் காலத்திலேயே அலையையும் பழகி விடுகிறார்கள். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் மாலை வேளைகளில் பார்த்தால், ஓடி வந்து தலைகீழாகத் தண்ணீருக்குள் பாயும் இளைஞர்களைக் காணலாம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்திலும் இதே காட்சிதான். பெரியவர்கள் மூன்று முறை முழுகிக் கரையேற, பிள்ளைகள் மூன்று மணி நேரம் சென்றும் ஏறமாட்டார்கள். கடலைக் கண்டு அஞ்சாத பிள்ளைகள் என்று பெற்றோரும் பெருமைப்படுவது வழக்கம். அப்படிக் கடலுக்கு அஞ்சாத ஒரு பிள்ளையின் வாழ்வில் நடந்ததைச் சொல்வதே இக்கட்டுரை. அவர் இந்த மண்ணைச் சேர்ந்தவர் அல்லர், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். ஆனால் அவருக்கு நிகழ்ந்தது எந்தக் கடற்கரை வீட்டிலும் நிகழக்கூடியது.

அவர் பெயர் பிரீத்தி சீனிவாசன். 1979 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி பிறந்தவர். சிறு வயதிலேயே கிரிக்கெட்டிலும் நீச்சலிலும் ஒருங்கே தேர்ச்சி பெற்றார். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கி, 1997 இல் தேசிய வாகையை வென்று கொடுத்தார். நீச்சலில் மாநில மட்டப் பதக்கமும் பெற்றவர். படிப்பிலும் பின்தங்கவில்லை. தந்தையின் தொழில் காரணமாகப் பல நாடுகளில் பள்ளிகளை மாற்றி மாற்றிப் படித்த போதும் முன்னணி மாணவியாகவே இருந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. பெண் பிள்ளைக்கு எதற்கு மட்டையும் பந்தும் என்று கேட்பவர்கள் அன்று எல்லா ஊரிலும் இருந்தார்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத பெற்றோர் அவருக்கு வாய்த்தார்கள். பின்னாளில் அந்தக் குடும்பம் தாங்கிய பாரத்தைப் பார்க்கும்போது இது சிறிய விடயமன்று.

1998 ஆம் ஆண்டு யூலை 11 ஆம் திகதி. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. கல்லூரித் தோழர்களுடன் சுற்றுலா சென்று திரும்பும் வழியில் புதுச்சேரிக் கடற்கரையில் அலையில் விளையாடிக் கொண்டிருந்தார். நீர் தொடையளவே இருந்தது. பின்வாங்கிய அலை காலடி மணலை இழுத்துச் சென்றது; அவர் தடுமாறினார். விழப்போகும் நீச்சல்காரர் செய்வதையே அவரும் செய்தார். தண்ணீருக்குள் தலையை முன்வைத்துப் பாய்ந்தார். தலை நீருக்குள் சென்ற கணத்தில் உடலெங்கும் மின்சாரம் பாய்ந்தது போன்ற ஓர் அதிர்ச்சி. எழுந்து நிற்க முயன்றார்; முடியவில்லை. கையும் இல்லை, காலும் இல்லை என்பது போல் ஆயிற்று. தோழர்கள் வந்து தூக்கும் வரை மூச்சைப் பிடித்திருந்தது அவர் பழகிய நீச்சல் கலைதான். அங்கே கிடைத்த முதலுதவி போதுமானதாக இருக்கவில்லை. கழுத்துக்கு ஒரு பட்டி கட்டிச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். தகுந்த சிகிச்சை தொடங்குவதற்குள் பல மணி நேரம் கடந்து விட்டது. கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் இயக்கம் இழந்தது.

இதன் காரணத்தைச் சற்று விளக்கமாக அறிந்துகொள்வது நல்லது. மூளையிலிருந்து புறப்படும் கட்டளைகள் எல்லாம் முள்ளந்தண்டின் உள்ளே செல்லும் ஒரு நரம்புக் கயிற்றின் வழியாகவே கை கால்களுக்குப் போகின்றன. அதனை முள்ளந்தண்டு வடம் என்பார்கள். பருமனில் சுண்டுவிரல் அளவு கூட வராது. கழுத்திலே ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. அவ்விடத்தில் வடம் நசுங்கினால் இரு கைகளும் இரு கால்களும் செயலிழக்கும். முதுகின் கீழ்ப்பகுதியில் நசுங்கினால் கால்கள் மட்டும் செயலிழக்கும். எலும்பு முறிந்தால் பொருந்தும். அறுந்த வடம் மீண்டும் பொருந்துவதற்கு இன்றுவரை நிச்சயமான மருந்து இல்லை. ஆகவே முதல் ஒரு மணி நேரத்தில் அருகில் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் மிகுதி தங்கியிருக்கிறது.

துன்பம் என்னவென்றால், அருகில் நிற்பவர்கள் அன்பினாலேயே கேட்டை விளைவித்து விடுவார்கள். ஒருவர் இரண்டு கைகளையும், இன்னொருவர் இரண்டு கால்களையும் பிடித்து, தலை தொங்கத் தொங்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஓட்டோவுக்குள் மடக்கி இருத்துவார்கள். பாதி நசுங்கிய வடம் அப்போது முழுவதும் அறுந்து போகலாம். பாய்ந்து விழுந்த ஒருவர், அல்லது தென்னையிலிருந்தோ மதிலிலிருந்தோ விழுந்த ஒருவர், கை கால் விறைக்கிறது என்றோ கழுத்து நோகிறது என்றோ சொன்னால் அவரை அசைக்கக் கூடாது. தண்ணீரில் கிடந்தால் முகம் மேலே பார்க்கும்படி, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கத் தாங்கி மிதக்க விடவேண்டும். கரையேற்றும்போது ஒரு பலகையிலோ கழற்றிய கதவிலோ கிடத்தி, தலையை இருபுறமும் கைகளால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வாந்தி எடுத்தால் தலையை மட்டும் திருப்பாமல் உடல் முழுவதையும் ஒரு மரக்குற்றியைப் புரட்டுவது போல் சேர்த்துத் திருப்ப வேண்டும். மூச்சு நின்றிருந்தால் மட்டும் முதலில் மூச்சு, மற்றதெல்லாம் பிறகு. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016 இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிய அந்தச் சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. தீர்த்தத் திருவிழாவுக்குக் காவடி, பந்தல், ஒலிபெருக்கி என்று ஒழுங்கு செய்யும் தொண்டர் சபைகள், கரையில் ஒரு நீண்ட பலகையும் வைத்திருப்பது நன்று.

பிரீத்தியின் வீட்டுக்குத் திரும்புவோம். ஒரு பிள்ளை மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் அதே பிள்ளைக்குத் தண்ணீர் பருக்க வேண்டியிருந்தது. இதனை எழுதுவது எளிது. அந்த வீட்டில் நாள்தோறும் நடந்தது என்ன என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. உணர்ச்சியற்ற உடலில் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் புண்ணாகும். நோயாளிக்கு அது நோகாது, நோகாததுதான் ஆபத்து. எலும்பு தெரியுமளவுக்குப் புண் ஆழமாகி, அதனாலேயே உயிரிழந்தவர்கள் உண்டு. எனவே இரவும் பகலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பு, குதிக்கால், முழங்கை எல்லாம் நாள்தோறும் பார்க்க வேண்டும். சிறுநீர் கழிப்பதற்குக் குழாய். மலங் கழிப்பதற்கு வேளையும் முறையும். மூட்டுக்கள் இறுகாமல் இருக்கக் கை கால்களை மற்றவர் பிடித்து அசைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். வெயில் ஏறினால் அந்த உடலுக்கு வியர்க்கத் தெரியாது. நீர் தெளிக்க வேண்டும். திடீரெனத் தலையிடித்து முகம் சிவந்தால், குழாய் அடைத்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். தாமதித்தால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு ஏறிவிடும். ஒரு நாள் அன்று, ஒரு மாதம் அன்று. ஆண்டுக் கணக்கில் தாயும் தந்தையும் பாட்டியாரும் இதனைச் செய்தார்கள். திருவருள் எந்த உருவில் வந்தது என்று கேட்டால், அந்த வீட்டைப் பொறுத்தவரை இரவு இரண்டு மணிக்கு எழுந்து பிள்ளையைப் புரட்டிய கைகளின் உருவில் வந்தது என்றே சொல்ல வேண்டும்.

உடலை விட உள்ளம் அதிகம் தளர்ந்திருந்தது. மற்றவர் பார்வையில் படுவதே கூசிற்று. நெடுங்காலம் வெளியே செல்லவில்லை. எனக்கு ஏன் இப்படி என்ற கேள்வி அவரை அரித்தது. இந்த நிலையிலிருந்து தம்மை மீட்டது ஆன்மீகமும் பெற்றோரின் அன்புமே என்று அவர் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். குடும்பம் திருவண்ணாமலையில் வந்து குடியேறியது. பஞ்சபூதத் தலங்களில் தேயுத் தலம் அது. இரமண மகரிஷி தம் பதினாறாவது வயதில் வந்து சேர்ந்து, 1950 ஆம் ஆண்டில் உடல் நீங்கும் வரை அம்மலையடியை விட்டு அகலவில்லை. கையிலே புற்றுக் கட்டி வந்து பலமுறை அறுவை செய்தபோதும் அவர் அந்த உடலைத் தாம் என்று எண்ணவில்லை. நான் யார் என்று ஆராய்ந்து பார் என்பதே அவர் உபதேசத்தின் சாரம். கை அசையவில்லை, கால் அசையவில்லை. ஆனால் அசையவில்லை என்று அறிகின்ற ஒன்று உள்ளே குறைவின்றி இருக்கிறதே! நலமாக ஓடித்திரிபவருக்கு இது வேதாந்தப் பேச்சு. படுக்கையில் கிடந்த அந்தப் பெண்ணுக்கு நாள்தோறும் கண்முன் நின்ற உண்மை.

திருவண்ணாமலைக்கும் திருக்கோணமலைக்கும் உள்ள உறவையும் இங்கே நினைக்கலாம். திருஞானசம்பந்தர் இரண்டு மலைகளையும் பாடியிருக்கிறார். ஈழத்தில் தேவாரம் பெற்ற தலங்கள் கோணேஸ்வரமும் திருக்கேதீஸ்வரமும் என இரண்டேதான். அருணகிரிநாதரும் இரண்டையும் பாடினார். திருவண்ணாமலைக் கோபுரத்தின் மேலேறி உயிரை விடுவதற்குக் குதித்த அவரை முருகப்பெருமான் தாங்கிக்கொண்டார் என்பது அடியார்கள் போற்றும் வரலாறு. அவர் குதித்ததும் காப்பாற்றப்பட்டதும் தெரிந்தவர்கள், அதன் பிறகு அவர் ஊர் ஊராகத் திருப்புகழ் பாடி நடந்த நீண்ட காலத்தைச் சற்று மறந்து விடுகிறார்கள். தாங்கியது ஒரு கணம். அதன்பின் செய்த பணி ஓர் ஆயுள்.

வீழ்ந்தவர் வீட்டுக்குப் போய், “முற்பிறப்பில் என்ன செய்தாளோ” என்று சொல்லும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. ஆறுதல் சொல்லப் போனவர்களே இதனைச் சொல்கிறார்கள். சைவ சித்தாந்தம் வினையை ஏற்றுக்கொள்கிறது என்பது உண்மை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று அதனை வகுத்தும் சொல்கிறது. ஆனால் அயலவரின் வினைக்கணக்கை எடுத்துப் படிக்கும் அதிகாரத்தை அது எவருக்கும் கொடுக்கவில்லை. அக்கணக்கேடு இறைவனிடம் இருக்கிறது. இதைவிட முக்கியமான ஒன்றைச் சித்தாந்தம் சொல்கிறது. உயிர் மலம் நீங்கி ஈடேறும் பொருட்டு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் கொடுக்கிறான். தனு என்பது உடல். கரணம் என்பது மனம் முதலிய உட்கருவிகள். தனுவில் ஒரு பகுதி பழுதுபட்டால் உயிர் பழுதுபட்டதாகாது. கரணம் இயங்குகிறது, புவனம் இருக்கிறது. ஈடேறும் வழி அடைபடவில்லை. அப்படியிருக்க, அந்தப் பிள்ளையை உள் அறையில் மறைத்து வைப்பதும், மங்கல காரியங்களுக்கு வரவேண்டாம் என்று ஒதுக்குவதும் எந்தச் சைவ நூலில் உள்ள விதி? மனிதர் வைத்த விதியே அன்றி வேறில்லை.

பெரியபுராணத்தில் இதற்குப் பாடம் தேடிப் போக வேண்டியதில்லை. பெற்றோரையும், மணம் பேசிய கலிப்பகையாரையும் இழந்த திலகவதியார், தம்பிக்காகவே உயிர் தாங்கினார். அந்தத் தம்பி சூலை நோயால் துடித்து இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்தபோது, வீட்டை விட்டுப் போனாயே என்று ஒரு சொல் அவர் கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார், விடியுமுன் கோயிற் பணிக்குப் போகும்போது கூடவே அழைத்துச் சென்றார். நோயாளியைக் கட்டிலில் கிடத்தி அழுதுகொண்டிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாம் செய்யும் பணிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தம்பியே நாவுக்கரசர் ஆனார். தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணில்லாதவர். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து கிடப்பதை அறிந்து, குளத்தினுள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவித் தடவி மண் சுமந்தார். எள்ளி நகையாடியவர்கள் இருந்தார்கள், அவர் நிறுத்தவில்லை. பின்னர் இறைவன் கண் கொடுத்தான் என்பது வரலாறு. ஆனால் கண் கிடைக்குமுன்பே அவர் குளத்தை வெட்டத் தொடங்கி விட்டார். இதைப் பிரசங்கத்தில் கேட்கும்போது கண் கிடைத்த இடத்தில் எல்லோரும் கைகூப்புகிறார்கள். கம்பும் கயிறும் கட்டிய இடத்தையும் எண்ண வேண்டும். இன்றைய சக்கர நாற்காலியும் சறுக்குப் பாதையும் அந்தக் கயிறு போன்றவைதான்.

பிரீத்தி மீண்டும் படிக்க விரும்பினார். தொலைக்கல்வியில் உளவியல் பயில விண்ணப்பித்தபோது, செய்முறை வகுப்புக்கு வரவேண்டும், மின்தூக்கியும் இல்லை, சறுக்குப் பாதையும் இல்லை என்று மறுத்து விட்டார்கள். மறுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். கட்டடம் அவர்களுக்காகப் பேசிவிட்டது. பின்னாளில் அவர் உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார்; சென்னை ஐ.ஐ.டி. யில் முனைவர் பட்ட ஆராய்ச்சி மாணவியாகவும் சேர்ந்தார். வீட்டிலிருந்தே எழுத்து வேலை செய்து சம்பாதித்தார்.

இதற்கிடையில் 2007 ஆம் ஆண்டு தந்தை சீனிவாசன் மாரடைப்பால் காலமானார். சில காலத்துக்குள் தாயார் விஜயலட்சுமிக்கும் இருதய அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அதுவரை மகளின் கையும் காலுமாக இருந்தவர் அவர். எனக்குப் பிறகு என் பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கேள்வி அப்போதுதான் முழு வடிவம் எடுத்தது. இத்தகைய பிள்ளை உள்ள எந்தத் தாய்க்கும் நித்திரை வராமல் செய்யும் கேள்வி இதுவே. இத்தகையோரை நீண்ட காலம் வைத்துப் பராமரிக்கும் இல்லம் எங்காவது உண்டா என்று தேடினார்கள். பொருத்தமான இடம் எதுவும் கிடைக்கவில்லை. தேடும்போது, தம்மைப் போன்ற பெண்கள் பலர் குடும்பத்தாராலேயே சுமையாக எண்ணப்பட்டு, உயிரோடு இருப்பதே குற்றம் போல் நடத்தப்படுவதையும் பிரீத்தி அறிந்தார். இல்லாத இல்லத்தைத் தாமே உண்டாக்குவதென்று தாயும் மகளும் முடிவு செய்தார்கள்.

2013 ஆம் ஆண்டு திருவண்ணாமலையில் ‘சோல்ஃப்ரீ’ என்ற அறக்கட்டளையை அவர் நிறுவினார். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்குச் சக்கர நாற்காலி, மாதாந்த உதவி, மருத்துவப் பொருட்கள், தொழிற் பயிற்சி என்று தொடங்கிய பணி, பின்னர் திருவண்ணாமலையிலேயே ஒரு புனர்வாழ்வு நிலையமாக வளர்ந்தது. 2014 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு துணிவுக்கான கல்பனா சாவ்லா விருதை அவருக்கு வழங்கியது. விருதை விட அந்த நிலையத்தில் நடப்பது பெரிது. கட்டிலில் கிடந்து வந்தவர்கள் தாமாக நாற்காலிக்கு மாறவும், தாமாகக் குழாய் மாற்றவும் பழகிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

இவ்விடத்தில் இன்னொரு வீட்டையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பஸ் ஏறியதால் வலது காலின் முழங்காலுக்குக் கீழான பகுதி சிதைந்தவர். தாயார் சரோஜா மரக்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பிள்ளை 2016 இல் ரியோ பராலிம்பிக் போட்டியில் 1.89 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். அடுத்த இரண்டு பராலிம்பிக் போட்டிகளிலும், டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். பணமுள்ள வீட்டில்தான் இதெல்லாம் நடக்கும் என்பவர்களுக்கு மரக்கறிக் கூடை சுமந்த அந்தத் தாயே பதில்.

நம் நாட்டிலும் முன்னோடிகள் இல்லாமலில்லை. கிரிக்கெட் நடுவராக விளங்கிய கலாநிதி அஜித் பெரேரா, 1992 ஆம் ஆண்டு ஓடிக்கொண்டிருந்த தம் காரின் மீது மரமொன்று விழுந்ததால் இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே உயர் நீதிமன்றம் வரை சென்றார். புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்களில் வலுவிழந்தோர் நுழைய வசதி செய்ய வேண்டுமென 2011 இல் கிடைத்த கட்டளை அவர் தொடுத்த வழக்கின் பயன். இராணுவத்தில் இருந்தபோது யுத்தத்தில் கையில் காயமடைந்த தினேஷ் பிரியந்த ஹேரத், டோக்கியோவில் 2021 ஓகஸ்ட் 30 அன்று ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து இலங்கைக்கு முதலாவது பராலிம்பிக் தங்கத்தைத் தேடித் தந்தார். வன்னியிலும் கிழக்கிலும் அதே யுத்தம் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளின் முதுகை முறித்துப் போட்டது. அவர்கள் பதக்கம் பெறவில்லை. பெயரும் வெளியே தெரியாது. மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் தாமே கூடி ‘உயிரிழை’ என்ற அமைப்பை உருவாக்கி ஒருவரையொருவர் தாங்குகிறார்கள்.

கோணேசர் அடியார்களுக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வரவேண்டும். போர்த்துக்கேயர் இடித்த பழைய ஆலயத்தின் எச்சங்கள் கிடக்கும் சுவாமிமலைக் கடலில் 1956 இல் சுழியோடியவர்கள் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும். அக்கடலிலிருந்து சிவலிங்கத்தைக் கண்டெடுத்தவர் வில்சன். அதே கிளார்க் 1962 இல் தலை அடிபட்டு உடல் செயலிழந்து, ஓரளவு தேறி, கடைசிப் பல ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்தவர். நிலத்தில் நடக்க முடியாத நாட்களிலும் கடலுக்குள் இறங்குவதை அவர் விட்டுவிடவில்லை.

இனி வீடுகளில் செய்ய வேண்டியவை. நேர்த்தி வையுங்கள், வெருகலம்பதிக்கும் கோணமலைக்கும் போய் வாருங்கள். ஆனால் நேர்த்தி வைத்தோம் என்பதற்காகப் பயிற்சிச் சிகிச்சையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்புவதாக வைத்தியர் சொன்னால், தூரம் என்று பின்போடாதீர்கள். அங்கே கற்றுக்கொடுப்பது நோயாளிக்கு மட்டுமன்று, பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்துத்தான். வைத்தியசாலைத் துண்டுகள், படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் திகதி வாரியாக ஒரு கோவையில் இட்டுப் பத்திரப்படுத்துங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் உதவிக்கு விண்ணப்பிக்கும்போது, கடதாசி ஒன்று குறைந்ததனால் திரும்பி வந்தவர்களே அதிகம். பார்த்துக்கொள்ளும் தாய்க்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். சித்தி, மாமி, மைத்துனி என்று உறவு எதற்கு இருக்கிறது? பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து அழுதுவிட்டு வருவதை விட, “அக்கா, இன்றைக்கு இரவு நான் இருக்கிறேன், நீங்கள் படுங்கள்” என்று சொல்வது அந்த வீட்டுக்குப் பெரிய உதவி.

ஆலயங்களைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளையை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி உள்ளே கொண்டு வருவதைத் தொண்டு என்று நினைக்கிறோம். தூக்கப்படுபவருக்கு அது எப்படி இருக்கும் என்று கேட்டறிந்தவர் குறைவு. தூக்க ஆளில்லாத நாளில் அவர் வீதியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். சக்கரம் வீதிமண்ணில் உருண்டு வந்ததே, அதை உள்வீதிக்கு விடலாமா என்ற ஆட்சேபம் சபைக் கூட்டங்களில் எழுவதுண்டு. மற்றவர்கள் கால் கழுவி வருவது போல் சக்கரத்தையும் ஒரு வாளித் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போயிற்று. அல்லது ஆலயத்துக்கென்றே ஒரு நாற்காலியை வாசலில் வைத்திருக்கலாம். கருவறைப் பக்கம் எவரும் அதைக் கொண்டு போகக் கேட்கவில்லை. மகாமண்டபத்து வாசலில் நின்று தீபாராதனையைக் கண்ணாரக் காணக் கேட்கிறார்கள், அவ்வளவே.

சறுக்குப் பாதைக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மேசன்மார் இடத்தை மிச்சம் பிடிக்க நாலு அடியில் முடித்து விடுவார்கள். அந்தச் சரிவில் நாற்காலி ஏறாது, ஏறினாலும் பின்பக்கம் கவிழும். அகலம் மூன்றரை அடிக்குக் குறையக் கூடாது. அபிஷேகத் தண்ணீரும் எண்ணெயும் சிந்தும் இடமாதலால் தரையை வழுவழுப்பாக இழுக்காமல் சொரசொரப்பாக விடவேண்டும். மாபிள் பதிக்கவே கூடாது. இரு பக்கமும் கைபிடிக் குழாய் வைத்தால், முழங்கால் வருத்தமுள்ள வயோதிபர்களுக்கும் அதுவே வழியாகும். பெரும்பாலான கிராமத்து ஆலயங்களின் வாசலில் இரண்டு படிகள்தான் உள்ளன. படி ஆறு அங்குலம் என்று கொண்டால் பன்னிரண்டு அடிப் பாதை போதும். கொடியேற்றத்துக்கு முன் வெள்ளையடிக்க ஆள் பிடிக்கும் அந்த வாரத்திலேயே இதையும் கட்டி, நீர் விட்டுப் பதப்படுத்தலாம்.